ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டர்

அன்று காலை பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவின் முதல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே, தான் இனி ஏணி ஏறுகிறவன் இல்லை, ஆடிட்டர் என்று கலின் அறிவித்தான்.

நெவேனா வாய் நிறையக் குண்டூசிகளோடு ஒரு திரைச்சீலைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். அதனால் பதில் உடனே வரவில்லை. கலினின் இல்லறத்தில் நிலவிய அமைதிக்கெல்லாம் அந்தக் குண்டூசிகளே காரணம். ஒவ்வொன்றாகத் துணியில் குத்தி, கடைசி ஊசியும் வாயிலிருந்து வெளியேறிய பிறகு அவள் நிமிர்ந்தாள்.

"யார் கணக்கைப் பார்க்கப் போற? நம்ம கரன்ட் பில்லையே நீ பார்க்கிறதில்ல."

"கணக்கு ஆடிட் இல்ல நெவேனா. வெப்சைட் ஆடிட். இப்பல்லாம் ஜனங்க எது வேணும்னாலும் ஏஐகிட்டதான் கேக்கிறாங்க. அது தேடிப் பார்த்துப் பதில் சொல்லும்போது ஒரு கடை அதோட கண்ணுக்குத் தெரியுதா இல்லையான்னு சோதிக்கிறது."

"தெரியலன்னா?"

"தெரிய வைக்கிறது."

"ஏணியை எடுன்னு நான் கூப்பிட்டா இந்த ரெண்டு ரூம் வீட்டுல நீயே என் கண்ணுக்குத் தெரியமாட்டே. நீ ஊரைத் தெரிய வைக்கப் போறியா?"

கலின் பனிட்சாவை மென்றான். பெரிய மாற்றங்களை உலகம் முதலில் இப்படித்தான் வரவேற்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

பயிற்சி என்றால் இணையவழிப் பயிற்சி. சான்றிதழ் குளிர்பெட்டிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அந்த வீட்டில் அவன் மனமுவந்து ஏணி ஏறி மாட்டிய ஒரே பொருள் அது.

பல்கேரியாவின் ரூசே நகரத்து அச்சகம் ஒன்றில் கலின் பல வருடம் வேலை பார்த்தவன். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகையும் மீதிப் பேருடைய இரங்கல் அறிவிப்பும் அவன் எழுதியவை. இரண்டு வருடங்களுக்கு முன் அச்சகத்துக்கே இரங்கல் அறிவிப்பு எழுத வேண்டி வந்தது. அதன்பிறகு அவன் மனைவியின் திரைச்சீலைக் கடையில் சேர்ந்தான். அவள் தைப்பாள். அவன் வீடு வீடாகப் போய்ச் சுவரைத் துளைத்து, கம்பி பொருத்தி, திரையை மாட்டிவிட்டு வருவான்.

வேலையில் ஒரே ஒரு குறை. ஜனங்கள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. டான்யூப் நதியில் கெண்டை கடிப்பதும் ஞாயிற்றுக்கிழமை. மேல்மாடியில் குடியிருக்கும் மெத்தோடி, கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துகிறவர். அவரிடம் ஒரு படகு இருந்தது. ஞாயிறு காலை தெருவில் நின்று இரண்டு முறை ஹாரன் அடிப்பார். கலின் ஏணியைத் தோளில் சுமந்தபடி மாடிப்படியில் நின்று அதைக் கேட்பான்.

ஆக, ஆடிட்டர் பதவி அவனுக்கு ஆசை மட்டும் அல்ல, விடுதலைப் போராட்டமும்கூட.

ஆனால் வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. முதலில் மெத்தோடியிடம் போனான்.

"அண்ணே, நான் ஆடிட்டர் ஆயிட்டேன். உங்க பள்ளியை ஒரு ஆடிட் பண்ணட்டுமா?"

மெத்தோடியின் முகம் வெளுத்தது. "தம்பி, நாம பக்கத்துல பக்கத்துல உக்காந்து மீன் பிடிச்சவங்க. நான் எழுதாம வச்ச ரசீதைப் பத்தி எல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"எந்த ரசீது?"

"ஒரு ரசீதும் இல்ல," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அதன்பிறகு ஒரு வாரம் மாடிப்படியில் கலினைப் பார்த்தால் போனில் பேசுவதுபோல் நடந்துபோனார். போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

வேறு வழியில்லாமல் கலின் மனைவியின் கடையையே முதல் மாதிரியாக எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தான். தீர்மானித்த அடுத்த நிமிடம்தான் அந்த யோசனை பிறந்தது. அது வந்தபோது அவன் முகம் சவரம் செய்துகொண்டிருந்தான். சந்தோஷத்தில் மோவாயைக் கீறிக்கொண்டான்.

யோசனை இதுதான். ஏஐ வலைத்தளத்தைப் படிக்கிறது. ஜனங்கள் ஏஐ சொல்வதை நம்புகிறார்கள். 'வீட்டுக்கு வந்து மாட்டித் தருவதில்லை' என்று கடையின் தளத்திலேயே எழுதிவிட்டால்? ஏஐ அதையே ஊருக்குச் சொல்லும். ஊரும் ஏணியை எதிர்பார்க்காமல் வரும். தானே வாய் திறந்து 'இனி மாட்டமாட்டேன்' என்றால் நெவேனா ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்லி ஜெயித்தவன் ரூசேயில் இல்லை. ஏஐ சொன்னால் அது உலகத் தீர்ப்பு. உலகத்தோடு யார் சண்டை போட முடியும்?

நெவேனா அந்தத் தளத்தைத் திறந்தே பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த திரை துணியில் ஆனது. கணினித் திரை கலினின் ராஜ்யம்.

ஆடிட் தையல் மேசையில் தொடங்கியது. கலின் மடிக்கணினியைத் துணிக் குவியலின் மேல் வைத்து, டாக்டர் நாடி பார்க்கிற முகத்தோடு ஏஐயிடம் கேட்டான். ரூசேயில் நல்ல திரைச்சீலை எங்கே தைத்துத் தருவார்கள்?

முதல் ஏஐ, மூடிப்போய் அந்த இடத்தில் செருப்புக் கடை வந்துவிட்ட ஒரு கடையைச் சொன்னது. இரண்டாவது, டான்யூப் பாலத்தைக் கடந்து அக்கரையிலிருக்கும் ருமேனியாவுக்குப் போகச் சொன்னது. மூன்றாவது, வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி முறையும் விளக்கியது.

நெவேனாவின் கை மிஷின் சக்கரத்தில் நின்றது.

"நான் இருபது வருஷமா இந்தத் தெருவுல தைக்கிறேன்."

"அது தெருவுக்குத் தெரியும். ஏஐக்குத் தெரியாதே."

"ருமேனியாவுக்குப் போகச் சொல்லுதா?"

"பாலம் வழியா."

அவள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். போன வருடம் இதே இலையுதிர் காலத்தில் மிஷினுக்கு ஓய்வே இல்லை. குளிர் வருமுன் கனத்த திரை வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். இந்த வருடம் மத்தியானத்துக்குமேல் மிஷின் தூங்கியது. வாடிக்கையாளர்கள் எங்கே போனார்கள் என்று அவளுக்குப் புரியாமலிருந்தது. இப்போது புரிந்தது. செருப்புக் கடைக்குப் போயிருக்கிறார்கள்.

"ஏன் நம்மளைத் தெரியல?" அவள் குரலில் கேலி இல்லை.

கலின் அந்தக் குரலை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிஜமாகவே சோதித்தான்.

"நம்ம தளத்தோட வாசல்லயே ஒரு குறிப்பு இருக்கு. மனுஷங்க கண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்துக்கு மட்டும் தெரியும். எந்த இயந்திரமும் உள்ள வரக்கூடாதுன்னு எழுதியிருக்கு."

"யார் எழுதினது?"

"அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தான் வைப்பாங்க. திருட்டுப் பயம்."

"யார் எழுதினதுன்னு கேட்டேன்."

"தளத்தைக் கட்டினவன்."

"கட்டினது யாரு?"

"நான்."

நெவேனா ஒரு குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கலின் அவசரமாக மேலே போனான். கடையைப் பற்றிய விவரம் அத்தனையும் படங்களுக்குள்ளே எழுதியிருந்தது. அச்சகப் பழக்கம். மனிதன் படித்துவிடுவான். ஏஐ அதைப் படம், படம், படம் என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். தொலைபேசி எண், எப்போதோ துண்டித்த பழைய எண். தெருப் பெயர் ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் வேறு மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில், 'கோடை விடுமுறை. கடை மூடப்பட்டுள்ளது.' அது எந்தக் கோடை என்று அவனுக்கே ஞாபகமில்லை.

நெவேனா ஊசியை வெளியே எடுத்தாள். "அப்ப, நம்ம கடை மூடியாச்சுன்னு இத்தனை வருஷமா நீயே வெளியில எழுதி ஒட்டியிருக்க."

"அதைத்தான் ஆடிட் கண்டுபிடிச்சிருக்கு. ஆடிட் எவ்வளவு அவசியம்னு இப்ப புரியுதா?"

நெவேனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருமணத்தின்போது கலினிடம் அவளுக்குப் பிடித்ததும் இதுதான், பிடிக்காமல் போனதும் இதுதான். "சரி, ஆடிட்டரே. அந்த ஏஐக்கு என்னதான் வேணுமாம்?"

இந்தக் கேள்விக்காகவே கலின் பயிற்சி முடித்தவன். எழுந்து நின்று பேசினான்.

"தெளிவு. யாரு, என்ன, எங்க, எப்போ. அலங்காரம் பேசினா அதுக்குப் பிடிக்காது. வாடிக்கையாளர் என்ன கேப்பாங்களோ அதையே கேள்வியாப் போட்டு, நேரா பதில் எழுதணும். அனுபவம் உள்ள ஆளோட பேர் இருக்கணும். அப்புறம் முக்கியமான விஷயம் ஒண்ணு." அவன் விரலை உயர்த்தினான். "நம்மளைப் பத்தி நாமே சொன்னா அது பாதிதான் நம்பும். வெளியாளுங்க பத்துப் பேர் பத்து இடத்துல ஒரே விஷயத்தைச் சொன்னா, அதுதான் நிஜம்னு முடிவு பண்ணிடும்."

"நம்ம ஊர் மாதிரியேதான்," என்றாள் நெவேனா.

"அதேதான்."

"வெளியாளுங்க எங்க எழுதுவாங்க?"

மனைவி தன் தொழிலில் அக்கறை காட்டியதில் கலின் உருகிப்போனான். இணைய வரைபடத்தில் கடையைத் தட்டினால் வரும், வாடிக்கையாளர் கருத்து எழுதும் இடத்தைக் காட்டினான். ரூசே இல்லத்தரசிகள் கூடிப் பேசும் இணைய மன்றத்தைக் காட்டினான். எப்படி நுழைவது, எங்கே பெயர் வரும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். ஒரு கைதி, வார்டனுக்குப் புதுப் பூட்டைப் பற்றிப் பாடம் எடுத்த மாதிரி இருந்தது அது. அந்த நேரத்தில் அவனுக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து தளத்தைத் திருத்தினான். வாசல் குறிப்பை எடுத்தான். விடுமுறையை முடித்துவைத்தான். நெவேனாவின் பெயர், அனுபவம், எந்தத் துணி குளிர் தடுக்கும், எது வெயில் தடுக்கும், எத்தனை நாளில் தைத்துத் தருவாள், எல்லாவற்றையும் கேள்வி பதிலாக எழுதினான். நன்றாகவே எழுதினான். கடைசியில், திரைக்குப் பின்னால் வைத்துத் தைக்கும் உள்துணியைப் பற்றிய நீளமான ஒரு விளக்கத்துக்குக் கீழே, யாரும் இறங்கிவர வாய்ப்பில்லாத ஆழத்தில் இதைப் புதைத்தான்.

'வீட்டுக்கு வந்து மாட்டித் தருவீர்களா? இல்லை. தைப்பது மட்டுமே எங்கள் பணி. மாட்டும் மகிழ்ச்சி உங்களுடையது.'

கடைசி வாக்கியம் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. அச்சகம் மூடிய பிறகு அவன் எழுதிய முதல் இலக்கியம் அது.

சாயங்காலம் முழுப் பக்கத்தையும் நெவேனாவுக்கு வாசித்துக் காட்டினான். அந்த இடம் வந்ததும் பலமாக இருமினான்.

"நடுவுல இருமினியே, அங்க என்ன?"

"தூசு."

"சரி, தண்ணி குடி," என்றாள் நெவேனா.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஏணியைக் கேட்டு யாரும் கூப்பிடவில்லை; கலின் படகில் இருந்தான். ஆடிட் என்றால் ரசீது இல்லை என்று ஒருவழியாகப் புரிந்துகொண்ட மெத்தோடி, ரக்கியா சாராயப் புட்டியைத் திறந்தார். நதி சும்மா கிடந்தது. கெண்டையும் கடித்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே போனது. இந்த இரண்டு ஞாயிறுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சந்தோஷமான மனிதனுக்குச் சம்பவங்கள் கிடையாது.

ஆடிட் பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று ஏஐகளும் ஒன்றன்பின் ஒன்றாக நெவேனாவின் கடையைச் சொல்லத் தொடங்கின. தொலைபேசி அடித்தது. மிஷின் சாயங்காலம்வரை ஓடியது. வாசலில் மறுபடி ஆட்கள் நின்றார்கள். நெவேனா ஒருநாள் அவன் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி லூதெனிட்சா மிளகாய்த் தொக்கு வைத்து, "நல்ல வேலை பண்ணியிருக்க," என்றாள். கலின் அன்று மாலை தன் சான்றிதழின் கண்ணாடியைத் துடைத்தான்.

மூன்றாவது வாரம் போனை அவன் எடுத்தான்.

"நெவேனா திரைச்சீலைக் கடை."

"கலின் இருக்காரா?" ஒரு பெண் குரல்.

"நான்தான். ஆடிட் விஷயமா?"

"இல்ல, ஜன்னல் விஷயமா. ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வருவீங்க?"

"எங்க?"

"எங்க வீட்டுக்கு. மாட்டுறதுக்கு."

கலின் புன்னகைத்தான். இதற்காகத்தானே எழுதி வைத்திருக்கிறது. "அம்மா, நாங்க வந்து மாட்டித் தர்றதில்ல. எங்க தளத்துலயே தெளிவா இருக்கே."

"இருக்கு. ஆனா அது பழைய தகவலா இருக்கும்னு ஏஐ சொல்லுது."

கலின் போனைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒரு முறை பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.

மடிக்கணினியைத் திறந்து ஏஐயிடமே கேட்டான். அது மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னது. 'நெவேனாவின் கடைக்குத் தனிச் சிறப்பு, அவரது கணவர் கலின். அவரே ஏணியோடு வந்து மாட்டித் தருகிறார். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் தருகிறார். பழைய திரைகளை இறக்கி எடுத்துச் செல்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. ஒழுகும் குழாயைச் சரிசெய்ததாகவும் ஒருவர் குறிப்பிடுகிறார். கடையின் தளத்தில் இந்தச் சேவை இல்லை என்று காணப்பட்டாலும், பல வாடிக்கையாளர்கள் ஒருமித்து இதற்கு மாறாகச் சொல்வதால், தளம் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம்.'

கீழே ஆதாரங்கள். வரைபடத்தில் எழுதியவர்கள். இல்லத்தரசிகள் மன்றத்தில் எழுதியவர்கள். இரண்டு வருடத்தில் அவன் ஏறி இறங்கிய வீடுகள் எல்லாம் அணிவகுத்து நின்றன. ஜன்னலைத் துடைத்தது உண்மைதான். துளைத்தபோது சுண்ணாம்பு கொட்டிக் கண்ணாடி அழுக்கானது, வீட்டுக்காரி பார்க்குமுன் துடைத்தான். குழாயும் உண்மைதான். அந்த வீட்டில் நல்ல ரக்கியா கொடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்க ஒரு காரணம் தேவைப்பட்டது.

நெவேனா மிஷினில் இருந்தாள்.

"இவங்க எல்லாம் திடீர்னு ஏன் எழுதினாங்க?"

"நான் எழுதச் சொன்னேன்."

"என்னன்னு?"

"நடந்ததை எழுதுங்கன்னு. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல. பத்துப் பேர் பத்து இடத்துல சொன்னா அது நம்பும்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். ஆனா தளத்துல..."

"தளத்துல என்ன?"

கலின் இருமினான்.

"தண்ணி குடி," என்றாள் நெவேனா, திரும்பிப் பார்க்காமல்.

அந்த ஞாயிறு ஒரு வீடு. அடுத்த ஞாயிறு இரண்டு. முன்பெல்லாம் மாட்டிவிட்டு இறங்கினால் போதும். இப்போது ஏணியை மடித்த பிறகும் வீட்டுக்காரிகள் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு வீட்டில் குழாய் ஒழுகவில்லை. அவன் வருகிறான் என்று ஒழுகும் குழாயைத் தங்கை வீட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

அவன் விடவில்லை. நதிக்கரைக் காப்பிக்கடையில் உட்கார்ந்து யோசித்தான். நல்ல பெயரால்தானே இந்தத் தொல்லை. அதைக் கெடுத்துவிட்டால்? உலகத்தில் எவனும் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ள இத்தனை அக்கறையோடு உழைத்திருக்கமாட்டான். 'ஏமாந்த ரூசேவாசி' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு எழுதினான். 'துரதிர்ஷ்டவசமாக, கலின் என்பவர் தாமதமாக வந்தார். துரதிர்ஷ்டவசமாக, கம்பியைக் கோணலாகப் பொருத்தினார். துரதிர்ஷ்டவசமாக, மறுநாளே அது எங்கள் பூனையின் மேல் விழுந்தது. திரை அருமை. ஆனால் மாட்டுவதற்கு இவரை அழைக்காதீர்கள்.'

மனைவியின் தையலைக் குறைசொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. திரை அருமை என்பதை மனப்பூர்வமாகத்தான் எழுதினான்.

வீட்டுக்கு வந்தபோது சூப் தயாராக இருந்தது. நெவேனா எதிரே உட்கார்ந்தாள்.

"யாரோ ஒருத்தன் பாவம், பூனைமேல கம்பி விழுந்துடுச்சாம். நீ பூனை இருக்கிற வீட்டுக்கு எப்பப் போன?"

"ஞாபகமில்ல. இருக்கும்."

"இரங்கல் அறிவிப்பு மாதிரி எழுதியிருக்கான். மூணு துரதிர்ஷ்டவசம்."

கலின் சூப்பில் மூழ்கினான்.

"அதான் உடனே பதில் போட்டுட்டேன்."

"பதிலா?"

"கடைக்காரங்க கருத்துக்குக் கீழ பதில் எழுதலாம்னு நீதானே காட்டின? மன்னிச்சுக்குங்க, கலின் வர்ற ஞாயித்துக்கிழமையே வந்து சும்மாவே சரிபண்ணித் தருவார், பூனையையும் நலம் விசாரிப்பார்னு எழுதியிருக்கேன்."

நாலு நாளில் ஏஐயின் பதிலில் ஒரு புது வரி சேர்ந்தது. 'குறை ஏதும் இருந்தால் கலின் மறுபடி வந்து கட்டணமின்றிச் சரிசெய்கிறார்.' பாராட்டாகவே சொன்னது. போன்கள் கூடின. ஓர் அம்மாள் கூப்பிட்டு, தன் வீட்டில் கம்பி விழவில்லை என்றும், ஆனால் பூனை இருக்கிறது என்றும், அந்த இலவச வருகை தனக்கும் உண்டா என்றும் கேட்டாள்.

கலின் போனை வைத்துவிட்டு, மெதுவாக, கௌரவத்தோடு எழுந்து நின்றான்.

"நெவேனா, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"சொல்லு."

"நான் படிச்சவன். சான்றிதழ் வாங்கினவன். இந்தக் கடையைத் தூக்கி நிறுத்தினதே என் ஆடிட். இனிமே ஞாயித்துக்கிழமை நான் ஏணியைத் தொடமாட்டேன். ஆடிட் வேலைன்னா மட்டும் வெளிய போவேன். இல்லன்னா ஆத்துக்குப் போவேன். வேற எதுக்கும் கூப்பிடாத."

நெவேனா அவனை நிதானமாகப் பார்த்தாள். பிறகு தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். பல்கேரியாவில் சம்மதம் என்றால் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

"சரி. ஆடிட்னா மட்டும்."

இத்தனை வருட இல்லறத்தில் இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அனுபவசாலி அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். கலினுக்கோ கண்ணில் நீர் ததும்பியது.

வியாழக்கிழமை போன் வந்தது. பல் மருத்துவர் இவெலினா. நகர நடுவில் புதிதாக மருத்துவமனை திறக்கப் போகிறவர்.

"வெப்சைட்டை ஏஐ கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஆடிட் பண்றவர் நீங்கதானே?"

கலின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பதில் சொன்னான். "நான்தான், டாக்டர்."

"நெவேனாவோட கடை எப்படி வளர்ந்துதுன்னு ஊரே பேசுது. எங்களுக்கும் பார்த்துச் சொல்லணும். ஆனா வேலைநாள்ல முடியாது. ஞாயித்துக்கிழமை காலையில வர முடியுமா?"

"ஞாயிறா? தாராளமா வர்றேன்."

அவனே மாடிக்குப் போய் மெத்தோடியிடம் சொன்னான். "இந்த ஞாயிறு வரமுடியாது அண்ணே. வாடிக்கையாளர் சந்திப்பு."

"கெண்டை நல்லாக் கடிக்குதே தம்பி."

"தொழில்னு வந்துட்டா கெண்டையைப் பார்க்க முடியுமா?"

"அதுவும் சரிதான்," என்றார் மெத்தோடி. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். ரசீது ஞாபகம் இன்னும் போகவில்லைபோலும் என்று கலின் நினைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கலின் தூங்கவே இல்லை என்று சொல்லலாம். டாக்டரின் தளத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தான். பல்வலிக்கு ரூசேயில் யாரிடம் போகலாம் என்று மூன்று ஏஐகளையும் விதவிதமாகக் கேட்டான். பதில்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்டு, சுருள் கம்பி போட்டு, கெட்டி அட்டை வைத்துக் கட்டினான். தடிமனான அறிக்கை. கையில் எடுத்தால் ஒரு தொழிலின் கனம் தெரிந்தது.

ஞாயிறு காலை நெவேனா அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். பையையும் அவளே கட்டினாள்.

"கனமா இருக்கே?"

"பனிட்சா வச்சிருக்கேன். பேசிக் களைச்சுப் போயிடுவ." கழுத்துப் பட்டையைச் சரிசெய்து, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். "நல்லாப் பேசு. அவசரப்படாத."

மருத்துவமனை புதுச் சுண்ணாம்பு வாசனையோடு இருந்தது. தெருவைப் பார்த்த ஜன்னல்கள் ஆளுயரத்துக்குமேல். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கலின் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அறிக்கையைத் திறந்து தொடங்கினான். தளத்தில் மருத்துவரின் பெயரே இல்லை என்றான். விலை கேட்கிறவனுக்குப் பதில் இல்லை என்றான். பயப்படுகிற நோயாளி என்ன கேட்பான், அதற்குத் தளம் என்ன சொல்ல வேண்டும் என்று நடித்தே காட்டினான். டாக்டர் இவெலினா குறுக்கே பேசவில்லை. நல்ல கேள்விகளாக இரண்டு மூன்று கேட்டார். ஓரிடத்தில் எழுதிக்கூட வைத்துக்கொண்டார். கலின் தன் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி ஒரு பெண் கேட்டதே இல்லை.

முடித்தபோது அவன் முகம் ஜொலித்தது.

"பிரமாதம்," என்றார் டாக்டர். உண்மையாகவே சொன்னார். "எல்லாத்தையும் நீங்க சொன்னபடியே மாத்திடுறேன். நெவேனா சொன்னது சரியாப் போச்சு."

"என்ன சொன்னா?"

"முதல்ல உங்களை மனசாரப் பேச விட்டுடணும், அதுக்கப்புறம் வேலை ரொம்பச் சுத்தமா இருக்கும்னாங்க."

"எந்த வேலை?"

டாக்டர் கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே நெவேனாவின் கடைத் தாளில் சுற்றிய திரைகள் ஆறு கட்டுகளாக அடுக்கியிருந்தன. பக்கத்தில் அவனுடைய ஏணி சுவரில் சாய்ந்து நின்றது.

"மெத்தோடின்னு ஒருத்தர் காலையிலேயே கார் மேல கட்டிக் கொண்டுவந்து இறக்கிட்டு, மீன் பிடிக்கப் போறேன்னு போயிட்டார். துளைக்கிற மிஷின் உங்க பையில இருக்காமே?"

கலின் பையைத் திறந்தான். பனிட்சாப் பொட்டலத்துக்குக் கீழே, துணியில் பத்திரமாகச் சுற்றி, இருந்தது.

அவன் கோட்டைக் கழற்றினான். ஏணியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி முதல் படியில் கால் வைத்தான். தரை சமமாக இல்லை. ஏணி ஆடியது.

"ஒரு நிமிஷம், அப்படியே நில்லுங்க," என்று சொன்ன டாக்டர், மேசையிலிருந்த ஆடிட் அறிக்கையை எடுத்துக் குனிந்து, ஆடிய காலுக்குக் கீழே செருகினார். "இப்ப ஏறுங்க. சரியான கனத்துலதான் போட்டிருக்கீங்க."